காலை எட்டரை மணிச் சோறு

1

இந்த ஊருக்கு வந்து நேற்றோடு நான்கு வருடம் முடிந்தது. கொண்டாடத் தோன்றவில்லை. அடுக்களை அலமாரியைச் சுத்தம் செய்தேன். மேல்தட்டில் ஏழு அட்டைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. சோள அவல் ஒன்று. தேன் பூசிய சோள அவல் ஒன்று. உலர்ந்த பழமும் கொட்டையும் கலந்தது ஒன்று. தவிட்டை நூல் போலத் திரித்து வைத்தது ஒன்று. நம்முடைய பொரியே பேர் மாற்றிக்கொண்டு வந்தது ஒன்று. ஓட்ஸ் ஒன்று. கடைசியாக, கோதுமையை அழுத்திச் செங்கல் மாதிரி செய்த பிஸ்கட் ஒன்று. பால் பட்டால் இரண்டே நிமிடத்தில் கூழாகிவிடும்.

எல்லாமே காலைச் சாப்பாடு. எல்லாவற்றையும் வாங்கியவன் நான்தான். குப்பைக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஆறு பெட்டிகள் போய்விட்டன. ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். இவை எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தன என்று யோசித்தால் எனக்கே குழப்பமாக இருக்கிறது. நெய்வேலியில் இருக்கும் நம் சுரங்கத்து ஆட்களான உங்களுக்கு எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அதே சுரங்கத்தில் ஆறு வருடம் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற நிலக்கரியை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. “அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆயிடும்” என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி கலா நெல்லிக்குப்பத்துக்காரி, சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகள், நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தபோது எங்கள் மகள் யாழினிக்கு இரண்டு வயது. மூவரும் வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகுதான் தெரிந்தது, என் குடியிருப்பு அட்டையில் குத்தியிருக்கும் முத்திரைக்கு இந்த நாட்டில் நான் வேலை செய்யக் கூடாது என்று அர்த்தம். இருக்கலாம், மூச்சு விடலாம், சம்பாதிக்கக் கூடாது. ஆகவே சமைக்க ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் என் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் பொறுமைசாலிகள். பிறகு கை வந்துவிட்டது.

முதல் வருட முடிவில் அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட மனம் ஒப்பவில்லை. ‘சமையல்’ என்று எழுதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து, “எந்த ஓட்டலில்?” என்றார். வேலை செய்ய அனுமதி இல்லையே என்றும் சொன்னார். “மன்னிக்கணும் மேடம். இனிமேல் சமைக்க மாட்டேன்” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தை அடித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கலா விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப இன்னிக்கு ராத்திரி சோத்துக்கு இன்னாங்க பண்றது?”

நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினால் எதற்கு என்று கேட்கக் கூடாது. போன உடனே, “தப்பு நடந்துபோச்சு சார், இனிமே நடக்காது” என்று சொல்லிவிட வேண்டும். சுரங்கத்துக்குள் விடுகிற கேட் பாஸ் அவர் கையில். காரணத்தை அப்புறம் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை தீபாவளி ஸ்வீட் பாக்கெட் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அதற்கும் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

3

ஷிப்ட் வீடுகளில் பிறந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு என்றால் என்ன என்று ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. அது வாரத்தைப் பொறுத்தது. அப்பா பகல் ஷிப்ட்டில் இருந்தால் எங்கள் வீட்டில் இட்லி. நைட் ஷிப்ட் வாரம் என்றால் காலை ஏழு மணிக்கு உலை கொதித்துச் சோறு வடிந்திருக்கும். குழம்பு இருக்கும், பொரியல் இருக்கும். அப்பா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கரி போகக் கை கால் கழுவி, தட்டின் முன் உட்காருவார். அவருக்கு அது ராத்திரிச் சாப்பாடு. அவரோடு நானும் அக்காவும் உட்கார்ந்துவிடுவோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், யூனிபார்ம் போட்டுக்கொண்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவோம்.

பசிக்காக உட்காரவில்லை. சாயங்காலம் தூங்கி எழுகிற அப்பா வேறு ஆள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்ற சிடுசிடுப்பில் இருப்பார். கிட்டப் போனால் அடி விழும். வேலை முடிந்து வந்து உட்கார்கிற அப்பாதான் பேசுகிற அப்பா. பெல்ட் அறுந்த கதை, மழைத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கிய கதை எல்லாம் அந்த ஏழு மணிக்குத்தான் வரும். எங்களுக்கு வேண்டியதையும் அப்போதுதான் கேட்போம். ஜாமெட்ரி பாக்ஸ், சைக்கிள், டூர் போக அனுமதி, எல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் வாங்கியவை. கையில் கருவாட்டு வாசத்தோடு வகுப்புக்குப் போனால் பக்கத்துப் பையன் முகர்ந்துவிட்டு, “உங்கப்பா நைட் ஷிப்டாடா?” என்பான். அவன் வீட்டிலும் அதே கதைதான்.

இங்கே கலாவுக்கு இரவுப் பணி என்றால் எட்டு மணிக்கு முடித்து எட்டரைக்கு வீடு வந்து சேருவாள். யாழினிக்கு ஒன்பது இருபதுக்குப் பள்ளிக்கூடம். நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே செய்தது. எட்டரைக்குச் சோறு, மீன் குழம்பு. தாயும் மகளும் எதிரெதிரே உட்காருவார்கள். யாழினிக்குப் பாதித் தமிழ், பாதி இந்த ஊர்ப் பேச்சு. ஆனால் அவளுடைய தமிழில் நெல்லிக்குப்பம் அப்படியே இருக்கும். “டீச்சர் பாத்துகினே இருந்தாங்க மம்மி” என்பாள். அந்த அரைமணி நேரம் முழுக்க வாய் ஓயாது. நான் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

4

போன இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ‘ஆரோக்கிய உணவு வாரம்’ வந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். யாழினி ஒரு மேசை வரைந்திருந்தாள். இரண்டு தட்டு, சோறு, தலையோடு ஒரு மீன், நர்ஸ் உடுப்பில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அம்மா. அவள் சொன்னதைக் கேட்டு டீச்சர் கீழே எழுதியிருந்தார்: ‘நான் காலையில் மம்மியோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவேன். பிறகு மம்மி தூங்கிவிடுவார்.’ அதற்கும் கீழே எனக்கு ஒரு குறிப்பு. நேரம் இருக்கும்போது வந்து பார்க்க முடியுமா?

இங்கே நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் பேசுவது இதைத்தான். பிள்ளையை அடித்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சரியாகச் சாப்பாடு போடாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். யார் வீட்டில் நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பசித்த பிள்ளை, ராத்திரிச் சோற்றைக் காலையில் தின்கிறது; தாய் மயங்கிக் கிடக்கிறாள். எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் போனேன். டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். அந்தப் படத்தைக் கையில் எடுத்து, “யாழினியின் காலைச் சாப்பாட்டைப் பற்றி...” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் பேச விட்டேன். “மன்னிக்கணும் மேடம். தப்பு என்னுடையது. நாளையிலிருந்து சோறு கொடுக்க மாட்டேன். இந்த ஊர்ச் சாப்பாடுதான்” என்று படபடவென்று சொன்னேன். அவர் படத்தைத் திரும்ப மேசை மேல் வைத்தார். முகம் சிவந்திருந்தது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற ஒரு துண்டறிக்கையை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு கிண்ணம், பால், மேலே இரண்டு ஸ்ட்ராபெரி.

கேட் பாஸ் தப்பித்தது என்ற நிம்மதியோடு வெளியே வந்தேன்.

5

நேராகக் கடைக்குப் போனேன். காலைச் சாப்பாட்டுக்கென்று ஒரு முழுச் சந்து. இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். எல்லாவற்றிலும் இரும்புச் சத்து, நார்ச்சத்து, உதிக்கிற சூரியன் படம். எது பிள்ளைக்கு, எது மலச்சிக்கலுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அள்ளிக்கொண்டு வந்தேன்.

யாழினிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பாலில் ஊறிய சோள அவலைப் பார்த்து, “இது நனைஞ்சு போச்சு, வேற குடு” என்றாள். சரி, நம் கைவரிசையைக் காட்டுவோம் என்று இறங்கினேன். சோள அவலில் உப்புமா செய்தேன். அது தேன் பூசிய பெட்டி என்பது தாளித்த பிறகுதான் தெரிந்தது. கடுகும் பச்சை மிளகாயும் மிட்டாயில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு அப்பா பிளான்ட்டிலிருந்து பொரி கொண்டுவருவாரே, அந்த ஞாபகத்தில் பொரிப் பெட்டியைப் பிரித்துக் காரப்பொரி செய்தேன். அதுவும் தித்தித்தது. தவிட்டு நூலை ரவையோடு சேர்த்து அடையாக வார்த்தேன். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா சுமதி இன்னும் நகரியத்தில்தான் இருக்கிறாள். மாமாவும் சுரங்கத்தில் ஷிப்ட். அவருக்கு அந்த வருடம் சர்க்கரை வந்து, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

“நானும் ஓட்ஸோடதான்டா மாரடிச்சிகினு இருக்கேன். ஓட்ஸ் தோசை, ஓட்ஸ் பொங்கல், ஓட்ஸ் வடைகூடப் போட்டேன். வடை மட்டும் எண்ணெயிலயே கரைஞ்சிடுச்சு.”

“மாமா என்னக்கா சொல்றாரு?”

“நைட் ஷிப்ட் முடிச்சி வருவாரு. ஓட்ஸ் கஞ்சி வெப்பேன். மடமடன்னு குடிச்சிட்டு, ‘சரி, சாப்பாடு எப்ப’ம்பாரு. முதல் வாரம் ஒரு வார்த்தை பேசலடா மனுஷன். குடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கினாரு. அப்புறம் நான் எதிருல உக்காந்து இட்லி தின்ன ஆரம்பிச்சேன். இப்ப அதைப் பாத்துகினே என்னைத் திட்றாரு. திட்டட்டும். பேசறாரு இல்ல?”

சிரித்தேன். ஓட்ஸ் தோசைக்கு அரிசி மாவு எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் சொன்னதில் அதுமட்டும்தான் அன்றைக்கு என் காதில் விழுந்தது.

கடைசியில் கோதுமைச் செங்கல்தான் யாழினியிடம் செல்லுபடியானது. பால் ஊற்றினால் கூழ். மெல்ல வேண்டாம், விழுங்கினால் போதும். ஏழரைக்கே டிவி போட்டு, கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சாப்பிடுகின்றன என்று கேள்வி. எட்டரைக்குக் கலா வரும்போது யாழினி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாள். ஒருவருக்காக மட்டும் உலை வைப்பானேன் என்று கலாவுக்கும் ஓட்ஸ் கஞ்சி. அவள் நின்றபடியே குடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். வீடு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மட்டும் விளங்கவில்லை.

6

ஒரு வியாழக்கிழமை காலை. யாழினியை விட்டுவிட்டு வந்தேன். கலா தூங்கவில்லை. யாழினியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறை மாற்றப் போனவளின் உள்ளங்கையில் அரிசி போல ஒரு பல்.

“எப்பங்க விழுந்துது?”

எனக்குத் தெரியவில்லை. முழு நாளும் பிள்ளையோடு இருப்பவன் நான். முதல் பல். ஆடியதே எனக்குத் தெரியாது.

மத்தியானம் யாழினி வந்ததும் கலா அவளை மடியில் உட்கார வைத்துக் கேட்டாள்.

“செவ்வாக்கிழமை” என்றாள் யாழினி. “தலையணைக்கு அடியில வெச்சா தேவதை காசு வைக்கும்னு ஸ்கூல்ல எல்லாரும் சொன்னாங்க. வைக்கல.”

“மம்மிகிட்ட ஏன்டி சொல்லல?”

யாழினி யோசித்தாள். குறை சொல்கிற குரலே இல்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டாள். “எப்ப சொல்றது?”

கலா அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்துவிட்டு வருகிறவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ராத்திரி பூரா யார் யாருக்கோ வாய தொறந்து பாக்கறேன். எம்புள்ள வாயில ஓட்டை வுழுந்தது எனக்குத் தெரில. அந்த அரைமணி நேரந்தாங்க எனக்கு இருந்துது. அதை ஏங்க எடுத்தீங்க?”

“ஸ்கூல்ல...” என்றேன்.

“ஸ்கூல்ல இன்னா சொன்னாங்க? அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். ‘யாழினியின் காலைச் சாப்பாட்டைப் பற்றி’ என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மீதி எல்லாம் நான் சொன்னது.

7

வெள்ளிக்கிழமை காலை கலா பணி முடித்து, உடுப்பைக்கூட மாற்றாமல் நேராகப் பள்ளிக்கூடம் போனாள். நான் வீட்டில் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கிண்ணம்தான் வரைந்திருந்தார்களாம். யாழினி ஒருத்திதான் சாப்பாட்டோடு மனிதரையும் வரைந்திருந்தாளாம். அந்தப் படம் டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த உணவு வாரத்தின் கடைசி நாளில் வகுப்புக்கு வந்து, காலையில் சோறு சாப்பிடுகிற வழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று என்னைக் கேட்கத்தான் அழைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டதும் அவர் பயந்துபோனார். வேற்று நாட்டுக்காரரின் மனதைப் புண்படுத்திவிட்டோமோ என்று அன்றிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லையாம்.

“கான்ட்ராக்ட விட்டு நாலு வருஷம் ஆவுதுங்க” என்றாள் கலா. “இன்னும் எந்த சூப்பர்வைசருக்குங்க பயந்துகினு இருக்கீங்க?”

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சுரங்கத்தை விட்டு வந்துவிட்டேன், கேட் பாஸைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் பயத்துக்கு என் மகளின் வாயை அடைத்திருக்கிறேன்.

அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் உலை வைத்தேன். எட்டரைக்குச் சோறு, மீன் குழம்பு. இரண்டு தட்டு வைத்துவிட்டு அடுப்பருகே போய் நின்றேன். கலா மூன்றாவது தட்டு எடுத்து வைத்து என்னைப் பார்த்தாள். நானும் உட்கார்ந்தேன். யாழினி மறுபடி பேச ஆரம்பித்தாள். உடனே அல்ல. இரண்டு மூன்று நாள் பிடித்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் போன வாரம் ஒரு நாள், காலை ஏழரைக்கே எழுந்து வந்த யாழினி, “சோறு வேணாம். கோதுமை பிஸ்கட் வேணும்” என்றாள். நிறையப் பால் ஊற்றி நன்றாக ஊற வைக்கச் சொன்னாள். கொதிக்கிற குழம்பை வைத்துக்கொண்டு எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிள்ளை கைவிட்டுப் போகிறது என்பது இதுதானோ என்று நினைத்தேன். ஊருக்கு ஏற்றபடி நான் மாறினேன், அவள் மாறிவிட்டாள், இப்போது நான் திரும்பி வந்து நிற்கிறேன், அவள் அங்கேயே இருக்கிறாள். டிவி போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். மேசையில் உட்கார்ந்து ஒரு பக்க வாயால் மட்டும், ஒவ்வொரு ஸ்பூனாக, அவ்வளவு நிதானமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். பேசவே இல்லை. நான் குழம்பை இறக்கி வைத்தேன்.

எட்டரைக்குக் கதவு திறந்தது. கலா பையை இறக்குவதற்குள் யாழினி நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். அண்ணாந்து நின்று வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் ஒன்று நூலளவு சதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சோறு மென்னா விழுந்துடும் மம்மி. அதான் இதைக் குடிச்சேன். நேத்து ராத்திரியிலேர்ந்து நாக்கால புடிச்சிகினு இருக்கேன். இப்ப நீ புடுங்கு.”